பசியோடு சேர்த்து மகிழ்ச்சியையும் அணைத்த மாத்திரை

2008-ஆம் ஆண்டு பொங்கல் முடிந்த கையோடு ரிமோனபன்ட் என்ற மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கினேன். காலை டிபனுக்கு முன்னால் 20 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. அப்போது திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். எடை 80 கிலோவைத் தாண்டியிருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் கல்லீரலில் கொழுப்பு என்று எழுதியிருந்தது. எடைக் குறைப்புக்கென்றே நடந்துகொண்டிருந்த ஒரு தனியார் கிளினிக்கில் இந்த மாத்திரையை எழுதிக்கொடுத்தார்கள். 2006-லேயே ஐரோப்பாவில் அனுமதி பெற்ற மருந்து, வயிற்றுக் கொழுப்பைத் தனியாகக் குறைக்கும் என்றார்கள்.

இன்று அந்த மாத்திரை விற்பனையில் இல்லை. அதைப் பற்றி இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2025-இல் மவுன்ஜாரோ, வெகோவி என்ற எடைக் குறைப்பு ஊசிகள் இந்தியாவுக்கு வந்த பிறகு, என்னோடு வேலை பார்த்த ஆசிரியைகளில் பலர், ‘அக்கா, அந்த ஊசி போட்டுக்கலாமா?’ என்று கேட்கிறார்கள். அவை வேறு வகை மருந்துகள். ஆனால் நான் சாப்பிட்ட மாத்திரையின் வம்சத்திலேயும் புதியவை வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே, எனக்கு நடந்ததையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாத்திரை வேலை செய்தது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் குமட்டலும் லேசான தலைசுற்றலும் இருந்தன, அப்புறம் சரியாகிவிட்டன. பசி குறைந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. பள்ளி விட்டு வந்ததும் மிக்சர் டப்பாவைத் தேடிப் போகும் பழக்கம் தானாக நின்றது. கடைவீதியில் வடை வேகும் வாசம் வந்தால் அது வெறும் வாசம், அவ்வளவுதான். தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே போதும் என்றாகிவிடும். சித்திரை பிறப்பதற்குள் ஐந்தாறு கிலோ இறங்கிவிட்டது. ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. ‘டீச்சர், நல்லா இளைச்சுட்டீங்க’ என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

கேட்டு எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அதுதான் முதல் அறிகுறி. எத்தனை வருடமாக அந்த வார்த்தைக்கு ஏங்கியிருக்கிறேன்! அது வந்தபோது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி யாரோ பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஏப்ரலில் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம். வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாட்கள் அவை. பல ஊர் ஆசிரியர்கள் வருவார்கள், மத்தியானம் டப்பாக்களைத் திறந்து பங்கு போட்டுக்கொண்டு அரட்டை அடிப்போம். அந்த வருடம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ஒரு நாள் கையில் வந்த தாளில் பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அப்படி எத்தனையோ தாள்களைத் திருத்தியவள் நான். அன்று அழுகை அடக்க முடியாமல் வந்தது. இரவில் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அதற்கப்புறம் தூக்கம் கிடையாது. நான் இல்லாவிட்டாலும் இந்த வீடு நடக்கத்தானே போகிறது என்று அந்த நேரத்தில் தோன்றும். வீட்டில் சண்டை இல்லை, கடன் இல்லை, பள்ளியில் நெருக்கடி இல்லை. எந்தக் காரணமும் இல்லாமல் அப்படி ஒரு எண்ணம் வந்தது. அதை வெளியே சொல்லவும் பயமாக இருந்தது.

கண்டுபிடித்தவர் எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருந்த பழைய குடும்ப டாக்டர். மாமியாரை பிபி பார்க்க அழைத்துப் போயிருந்தேன். அவரை விட்டுவிட்டு என்னைத்தான் முதலில் பார்த்தார்.

‘ஏன் டீச்சர், முகமே சரியில்லையே. தூங்குறீங்களா?’

இல்லை என்றதும், சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னார். ரிமோனபன்ட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘பாப்பா பொறந்தப்ப மாசக்கணக்கா அழுதுட்டே இருந்தீங்களே, அதை அங்க சொன்னீங்களா? யாராவது கேட்டாங்களா?’ என்றார்.

யாரும் கேட்கவில்லை. எடை, இடுப்பு, சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று எல்லாவற்றுக்கும் இடம் இருந்த அந்தப் படிவத்தில், மனநிலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும் அதற்கு மருந்து எடுப்பவர்களுக்கும் இந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2007 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூன் மாதம், அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ அமைத்த நிபுணர் குழு 14 பேரும் ஒருமனதாக, அனுமதி கொடுக்க வேண்டாம் என்று வாக்களித்திருந்தார்கள். அமெரிக்காவில் அந்த மருந்து விற்பனைக்கு வரவே இல்லை. எனக்கு எழுதிக்கொடுத்தது இதற்கெல்லாம் பிறகு. இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். வாரா வாரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, ராத்திரியில் என்னைத் தனியாக விடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நிறுத்திய மறுநாளே தெளிந்துவிடவில்லை. இந்த மருந்து கொழுப்பில் கரைவது. பருமனானவர்கள் உடலில் அது பாதியாகக் குறையவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்று பிறகு படித்தேன். எனக்கும் மெல்லத்தான் விலகியது. பள்ளி திறக்கும் சமயத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பையன் சொன்ன ஏதோ ஒரு கதைக்கு வாய்விட்டுச் சிரித்தேன். கணவர் உள்ளேயிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

அந்த அக்டோபரிலேயே, 23-ஆம் தேதி, ஐரோப்பிய மருந்து முகமை ரிமோனபன்ட் விற்பனையை நிறுத்தப் பரிந்துரைத்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மனநலக் கோளாறு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது அவர்கள் சொன்ன காரணம். 18,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற கிரெசெண்டோ என்ற பெரிய ஆய்வையும் பாதியில் நிறுத்தினார்கள். அதில் மருந்து எடுத்தவர்களில் 4 பேரும், எடுக்காதவர்களில் ஒருவரும் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். இந்தியாவில் தயாரிப்பையும் விற்பனையையும் தடைசெய்யும் அரசு அறிவிக்கை 2009 டிசம்பரில் வந்தது.

என் மகள் கல்லூரியில் உயிர்வேதியியல் எடுத்துப் படிக்கப் போனபோதுதான் எனக்கு முழு விவரமும் தெரிந்தது. ஒரு விடுமுறையில் வந்தவள், ‘அம்மா, நீ அன்னிக்குச் சாப்பிட்டது கஞ்சா ரிசெப்டாரை அடைக்கிற மாத்திரை’ என்றாள். கணவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். ‘நம்ம வீட்டுக்கும் கஞ்சாவுக்கும் என்ன சம்பந்தம்?’ என்றார். நியாயமான கேள்வி. நானும் மகளுமாக அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கஞ்சா இழுத்தவர்களுக்கு அகோரப் பசி எடுக்கும் என்பது உலகத்துக்கே தெரியும். அதில் போதை தரும் டிஎச்சி என்ற பொருளை 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெகூலமும் யெகியேல் கவோனியும் பிரித்தெடுத்து, அதன் அமைப்பைச் சொன்னார்கள். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று பல வருடம் தெரியவில்லை. 1990-இல் அந்த இடத்தின் மரபணு அடையாளம் காணப்பட்டது. சிபி1 ஏற்பி என்று பெயர் வைத்தார்கள். மகள் சொன்ன ரிசெப்டார் இதுதான். நம் மூளையில் ஏன் ஒரு செடியின் பொருளுக்கென்று ஏற்பி இருக்க வேண்டும்? அப்படியானால் உடலே அதேபோல ஏதோ ஒன்றைத் தயாரிக்க வேண்டும். 1992-இல் மெகூலமின் குழு பன்றியின் மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தது. அதுதான் ஆனந்தமைடு. 1995-இல் நாயின் குடலிலிருந்து இன்னொன்று, 2-ஏஜி. இரண்டையும், இவற்றின் ஏற்பிகளையும், இவற்றை ஆக்கி அழிக்கும் நொதிகளையும் சேர்த்து எண்டோகன்னபினாய்டு அமைப்பு என்கிறார்கள். கஞ்சாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் உடம்பிலும் இது இருக்கிறது.

வேதியியல் ஆசிரியை என்ற முறையில் என்னைக் கவர்ந்தது இவற்றின் மூலப்பொருள். இரண்டுமே அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து உண்டாகின்றன. செல்லின் சவ்விலேயே மூலப்பொருள் தயாராக இருக்கும். தேவைப்படும் நொடியில் தயாராகி, வேலையை முடித்துவிட்டு உடனே உடைந்துபோகும். முன்கூட்டியே தயாரித்துச் சேர்த்துவைக்கும் வழக்கம் இல்லை.

முதலில் எல்லாரும் இதை மூளை சம்பந்தப்பட்ட சங்கதி என்றுதான் நினைத்தார்கள். சாப்பிடும் ஆசையைத் தூண்டுகிறது, அதைத் தடுத்தால் எடை குறையும். சனோஃபியின் பிரெஞ்சு ஆய்வகத்திலிருந்து 1994-இல் ரிமோனபன்ட் வெளிவந்தது அந்த வழியில்தான். ஆனால் எலிகளில் ஒரு விசித்திரம் தெரிந்தது. மருந்து கொடுத்த எலிகள் சில நாள் குறைவாகத் தின்றுவிட்டு, பழையபடி தின்ன ஆரம்பித்தன. எடை மட்டும் குறைந்தபடியே இருந்தது. பசி திரும்பிய பிறகும் எடை குறைகிறது என்றால் மருந்து வேறெங்கோ வேலை செய்கிறது என்று அர்த்தம். தேடிப் பார்த்தபோது கொழுப்பு செல்லிலேயே சிபி1 ஏற்பி இருந்தது. கல்லீரலில் இருந்தது. தசையில், கணையத்தில், குடலில் எல்லாம் இருந்தது.

கொழுப்பு செல்லில் இந்த ஏற்பி தூண்டப்பட்டால் என்ன ஆகிறது? இரத்தத்தில் போகும் கொழுப்பை உடைத்து செல்லுக்குள் இழுக்கும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி சுறுசுறுப்பாகிறது. உள்ளே சேர்ந்ததை வெளியே எடுக்கும் வேலை மந்தமாகிறது. கொழுப்பை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா குறைகின்றன. அடிப்போனெக்டின் என்று ஒரு ஹார்மோன் உண்டு. கொழுப்புத் திசுவே சுரப்பது, இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுவது. அதுவும் குறைகிறது. மொத்தத்தில் ‘சேர்த்து வை, செலவழிக்காதே’ என்ற உத்தரவு. அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாத காலத்தில் இந்த உத்தரவு உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒரு குழு, வளர்ந்த எலிகளில் கொழுப்பு செல்லிலிருந்து மட்டும் சிபி1-ஐ நீக்கிப் பார்த்து 2017-இல் வெளியிட்டது. மூளையைத் தொடவே இல்லை. எலிகள் இளைத்தன, அதிக சக்தியைச் செலவழித்தன.

அடுத்ததுதான் என் சொந்தக் கதையை எனக்கே விளக்கியது. சாதாரணமாகச் சாப்பிட்டு முடித்ததும் இன்சுலின் ஏறும். அது கொழுப்பு செல்லில் எண்டோகன்னபினாய்டுகளின் அளவை இறக்கும். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டினும் மூளையில் அதே வேலையைச் செய்யும். அதாவது, போதும் என்ற சேதி போய்ச்சேரும். இன்சுலினுக்குக் கொழுப்பு செல் பணியாத நிலை வந்துவிட்டால், இந்தச் சேதி எடுபடுவதில்லை. எண்டோகன்னபினாய்டுகள் இறங்காமல் நிற்கின்றன. அவை நிற்பதால் கொழுப்பு இன்னும் சேர்கிறது. கொழுப்பு சேர்வதால் இன்சுலின் இன்னும் தோற்கிறது. பருமனானவர்களின் இரத்தத்தில், குறிப்பாக வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் உள்ளவர்களிடம், 2-ஏஜி கூடுதலாக இருப்பதை 2005-இலிருந்து பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

‘வாயைக் கட்ட முடியலை’ என்று நம் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள். என்னையும் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே ஒரு சுற்று மாட்டிக்கொண்டு சுழல்கிறது என்பது தெரிந்த பிறகு அந்தப் பேச்சை நான் யாரிடமும் அனுமதிப்பதில்லை.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், தன் படத்தையும் தன்னோடு ஆய்வு செய்த ஆங்கிலேய டாக்டர் யுட்கின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியர் உடம்பில் 21.2. ஒல்லியாகத் தெரிகிற நமக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கிறது, அதுவும் வயிற்றில். அதனால்தான் நம் நாட்டுக்கு பிஎம்ஐ 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று எல்லையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். எடை மெஷினைவிட இஞ்ச் டேப் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது வரம்பு.

சரி, கொழுப்பு செல்லில் இத்தனை நல்லது செய்யும் மருந்து என் மனத்தை ஏன் இருட்டாக்கியது? மூளையில் இந்த சிபி1 ஏற்பி பசிக்காக மட்டும் இல்லை. பயத்தைத் தணிப்பது, பதற்றம் முடிந்ததும் மனத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது, நல்லது நடந்தால் அதில் மகிழ்வது என்று எல்லாவற்றிலும் அதற்குப் பங்குண்டு. ரிமோனபன்ட் இரத்தத்திலிருந்து தங்குதடையின்றி மூளைக்குள் போகும். சமையலறை விளக்கை அணைக்க மெயின் சுவிட்சை இறக்கியதுபோல, மிக்சர் மேல் இருந்த ஆசையோடு விடைத்தாள் முகாமின் சந்தோஷமும் போய்விட்டது. டப்பாவைத் தேடாத கையும், பாராட்டில் மகிழாத மனமும் ஒரே அடைப்பின் விளைவு. இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நான் பலவீனமானவள் என்று இரகசியமாக நினைத்துக்கொண்டிருந்தது அன்றோடு போயிற்று.

ஆய்வு எண்களையும் பார்த்தேன். ஐரோப்பாவில் 1,507 பேரிடம் ஒரு வருடம் நடந்த ஆய்வில், 20 மில்லிகிராம் எடுத்தவர்கள் சராசரியாக 6.6 கிலோ குறைந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 1.8 கிலோ. உண்மையான பலன்தான். நான்கு ஆய்வுகளின் 4,105 பேரைச் சேர்த்துக் கணக்கிட்டு 2007 நவம்பரில் லான்செட்டில் வந்த கட்டுரை, மனச்சோர்வால் பாதியில் நிறுத்த வேண்டிவரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்றது. கவனிக்க வேண்டியது, மனச்சோர்வு உள்ளவர்களை அந்த ஆய்வுகளில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளவில்லை. வடிகட்டிய கூட்டத்திலேயே இரண்டரை மடங்கு. கிளினிக்குக்கு வருகிற எங்களை யார் வடிகட்டினார்கள்?

வட அமெரிக்க ஆய்வில் இரண்டாம் வருடம் சிலருக்கு மாத்திரையை நிறுத்தி வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இறங்கிய எடை ஏறிவிட்டது. எனக்கும் அப்படித்தான். தீபாவளிக்குள் பழைய ரவிக்கைகளைத் தையல் பிரித்துப் போட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் என்று கேட்பவர்களுக்கு முதலில் தூக்கத்தைத்தான் சொல்வேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இளவயதினரைச் சில இரவுகள் நாலரை மணி நேரம் மட்டும் தூங்கவைத்து, இரத்தத்தில் 2-ஏஜி அளவைப் பார்த்தார்கள். 2016-இல் வெளிவந்த ஆய்வு. பகலில் இயல்பாக ஏறி இறங்கும் அந்த அளவு, தூக்கம் குறைந்தபோது இன்னும் உயரமாக ஏறி, சாயங்காலம்வரை இறங்காமல் நின்றது. அவர்கள் நொறுக்குத் தீனியை அதிகமாகத் தின்றார்கள். சிறிய ஆய்வுதான், 14 பேர். ஆனால் காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, சிறப்பு வகுப்பு எடுத்து, இரவு பதினொன்று வரை நோட்டுத் திருத்திய என் வாழ்க்கை அதில் அப்படியே இருந்தது. ராத்திரி வேலையைக் குறைத்துக்கொள்வது பெண்களுக்கு லேசில்லை. வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் வாங்கினேன். காலைச் சமையல் கணவருடையது என்று முடிவானது. அவர் செய்யும் உப்புமா எனக்குப் பழகிவிட்டது.

இரண்டாவது, சாயங்கால எண்ணெய்ப் பலகாரம். கலிஃபோர்னியாவில் எலிகளிடம் செய்த ஒரு சோதனை 2011-இல் வெளிவந்தது. எலி விழுங்கியது வயிற்றில் தங்காமல் குழாய் வழியே வெளியேறிவிடும்படி செய்திருந்தார்கள். நாக்கில் கொழுப்பின் சுவை பட்ட அளவிலேயே சிறுகுடலில் எண்டோகன்னபினாய்டுகள் ஏறின, இன்னும் தின்னத் தூண்டின. சர்க்கரைக்கோ புரதத்துக்கோ அப்படி நடக்கவில்லை. ஒரு முறுக்கோடு நிறுத்த முடியாத என் கைக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை. ‘ஒண்ணே ஒண்ணு’ என்று தீர்மானம் செய்வதை விட்டுவிட்டேன். சாயங்காலம் சுண்டல், வேர்க்கடலை அவித்தது, இல்லாவிட்டால் மோர். முறுக்கு, அதிரசம் எல்லாம் பண்டிகைக்கு. அன்று மனதாரச் சாப்பிடுவேன்.

எண்ணெயைப் பற்றியும் கேட்கிறார்கள். சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் மிக அதிகம். உடலில் அதிலிருந்துதான் அராக்கிடோனிக் அமிலம் உண்டாகிறது. எலிகளின் தீனியில் லினோலிக் அமிலத்தைக் கூட்டியபோது எண்டோகன்னபினாய்டுகளும் ஏறின, எடையும் ஏறியது. மனிதர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. அதனால் எந்த எண்ணெயையும் நான் விரோதியாக்கவில்லை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றி மாற்றி, மாதத்துக்கு வாங்கும் மொத்த அளவைக் குறைத்தேன். மத்தி மீன் வாரம் இருமுறை.

நடைப்பயிற்சி எடையை அவ்வளவாகக் குறைக்கவில்லை. மனத்துக்குச் செய்தது பெரிது. மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி செய்தால் இரத்தத்தில் ஆனந்தமைடு ஏறும் என்று 2003-இலிருந்தே தெரியும். உடம்பு தானே தயாரித்துக்கொடுக்கும்போது அது வேண்டிய அளவில், வேண்டிய இடத்தில் கிடைக்கிறது. காவிரிக் கரைப் பக்கம் விறுவிறு என்று நடந்துவிட்டு வருகிற காலையில் முகமே வேறாக இருப்பதாக மகள் சொல்வாள்.

எடை மெல்லத்தான் இறங்கியது, பல வருடங்களில். இன்றும் ஒல்லி இல்லை. இடுப்பு அளவு நன்றாகக் குறைந்தது, சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை, கல்லீரல் கொழுப்பு குறைந்திருக்கிறது. இன்னொருவருக்கு இதே பலன் வரும் என்று உறுதி தர என்னால் முடியாது. சிலருக்கு மருந்து அவசியம், அதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். மருந்து எடுப்பதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

இப்போது ஊசிக்கு வருகிறேன். வெகோவியில் இருக்கும் செமாகுளுடைடும் மவுன்ஜாரோவில் இருக்கும் டிர்செபடைடும் சிபி1-ஐத் தொடுவதில்லை. குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்களின் வழியில் வேலை செய்கின்றன. ஜிஎல்பி-1 வகை மருந்துகளால் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று ஐரோப்பிய முகமை ஆராய்ந்து, அப்படித் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை என்று 2024 ஏப்ரலில் சொன்னது. ஆகவே என் அனுபவத்தைக் காட்டி யாரையும் அந்த ஊசியிலிருந்து நான் பயமுறுத்த மாட்டேன். சர்க்கரை டாக்டரையோ ஹார்மோன் டாக்டரையோ பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

சிபி1-ஐ அடைக்கும் மருந்துகளின் கதை வேறு. மூளைக்குள் அதிகம் புகாத, கொழுப்பிலும் கல்லீரலிலும் மட்டும் வேலை செய்கிற மருந்துகளைச் செய்ய முடியுமா என்று 2008-க்குப் பிறகு பலர் முயன்றார்கள். எலிகளில் அது பலித்தது. நோவோ நார்டிஸ்க் நிறுவனம் 2023-இல் ஒரு கனடா கம்பெனியை வாங்கி, மோன்லுனபன்ட் என்ற மாத்திரையைச் சோதித்தது. 2024 செப்டம்பரில் வந்த முடிவின்படி, தினம் 10 மில்லிகிராம் எடுத்தவர்கள் 16 வாரத்தில் 7.1 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 0.7 கிலோ. ஆனால் பதற்றம், எரிச்சல், தூக்கக் கலக்கம் போன்றவை இதிலும் வந்தன, மருந்தளவு கூடக் கூட அதிகமாயின. மூளையை முழுதாக விலக்கிவைப்பது எவ்வளவு கடினம் என்று இதிலிருந்து தெரிகிறது. இந்த ஆராய்ச்சி வெற்றிபெற வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன். கொழுப்பு செல்லில் அந்தச் சுற்றை அறுக்க முடிந்தால் எத்தனையோ பேருக்கு விடிவு. ஆனால் அவசரப்பட்டுக் கடைக்கு வந்துவிடக் கூடாது.

இணையத்தில் ‘சிபிடி எண்ணெய் கொழுப்பைக் கரைக்கும்’ என்று வரும் விளம்பரங்களையும் சிலர் அனுப்பிக் கேட்கிறார்கள். சிபிடி கஞ்சாச் செடியில் இருக்கும் வேறு ஒரு பொருள், ரிமோனபன்ட்போல எடை குறைத்ததாகப் பெரிய ஆய்வு எதுவும் அதற்கு இல்லை. கல்லீரலில் மற்ற மருந்துகளின் செரிமானத்தோடு அது மோதும். வலிப்பு மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

என்னிடம் கேட்கிற பெண்களை, எடைக்கு எந்தப் புது மருந்து எழுதினாலும் டாக்டரிடம் இவற்றைக் கேட்கச் சொல்கிறேன். இது மூளைக்குள் போகுமா? ஆய்வில் யாரைச் சேர்க்காமல் விட்டார்கள், நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவளா? நிறுத்தினால் என்ன ஆகும்? என் மனநிலையை யார், எத்தனை நாளுக்கொரு முறை பார்ப்பார்கள்? பிரசவத்துக்குப் பிந்தைய சோர்வு, மனநல மாத்திரை, குடும்பத்தில் தற்கொலை என்று எது இருந்தாலும் அவர்கள் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒருவரிடமாவது, ‘புது மாத்திரை ஆரம்பிச்சிருக்கேன், என்கிட்ட ஏதாவது மாற்றம் தெரிஞ்சா சொல்லுங்க’ என்று சொல்லி வைக்க வேண்டும். மனம் இருளும்போது அது மருந்தால் என்று நமக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அட்டையைத் தூக்கிப் போடாமல் பெயரும் தேதியும் தெரியும்படி வைத்திருங்கள்.

நான் மாத்திரை சாப்பிட்ட காலத்தில் இல்லாத சில வசதிகள் இப்போது இருக்கின்றன. மருந்தால் வந்த பாதிப்பைப் பொதுமக்களே நேரடியாகத் தெரிவிக்க, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், காரணம் மருந்தோ வேறெதுவோ, டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-உம் இருக்கிறது.